அவர் எழுதிய பாட்டை நான் பாட வேண்டுமா?

சென்னையிலிருந்து 27 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆறு பக்கக் கடிதம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் ராக் பேண்டில் அவர் பாடகி. கிட்டார் வாசிப்பவரும் அவரும் ஐந்து வருடம் காதலித்தார்கள். எட்டு மாதம் முன்பு பிரிந்துவிட்டார்கள். பேண்டை மட்டும் கலைக்க யாருக்கும் மனம் வரவில்லை. போன மாதம் ஒத்திகை பார்க்கும் ஜாம் ரூமுக்கு அந்தக் கிட்டாரிஸ்ட் ஒரு புதுப் பாட்டோடு வந்திருக்கிறார். ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்துவிட்டுப் போனவள் என்று அதில் ஒரு வரி. அதைப் பாட வேண்டியவர் இவர்தான். டிரம்மர் தலையைக் குனிந்துகொண்டாராம். பேஸ் கிட்டார் வாசிக்கும் அண்ணன், "பாட்டு சூப்பரா வந்திருக்கு, பர்சனலா எடுத்துக்காதம்மா" என்றாராம். இவர் எட்டு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றவர். அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, வகுப்பு முடியும்வரை வாசலிலேயே நிற்பார். "எனக்கு ஏணி என்று ஏதாவது இருந்தால் அது அந்த ஸ்கூட்டர்தான் மேடம்" என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு முறை நள்ளிரவு ஒரு மணிக்கு அந்தக் கிட்டாரிஸ்டிடமிருந்து ஃபோன் வந்திருக்கிறது. பாட்டைப் பற்றி மட்டும்தான் பேசினாராம். இன்னும் மூன்று மாதத்தில் முதல் ஆல்பத்துக்கு ரெக்கார்டிங். "அசிங்கப்படுத்துற இடத்துல என்ன பாட்டு வேண்டிக்கிடக்கு, விட்டுட்டு வா" என்கிறார் அம்மா. இவர் மனதில் இருப்பதோ ஃப்ளீட்வுட் மேக் என்ற பழைய ராக் பேண்ட். "பிரிந்த பிறகும் அவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதி, ஒன்றாகவே பாடினார்கள். உலகமே கேட்டது. வலியிலிருந்துதானே பெரிய கலை வரும்? 1997 வீடியோவில் ஸ்டீவி நிக்ஸ் தன் பழைய காதலர் லிண்ட்ஸியைப் பார்த்துப் பாடும்போது இருவர் கண்ணிலும் காதல் தெரிகிறதே. அப்படியானால் என்னைப் பற்றி எழுதியவருக்கும் என்மேல் இன்னும் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நான் இருப்பதா, விலகுவதா?"

அன்புள்ள வாசகிக்கு,

நல்ல முன்மாதிரியைத்தான் பிடித்திருக்கிறீர்கள். பாதியை மட்டும் பிடித்திருக்கிறீர்கள் என்பதுதான் சிக்கல். அவர்களுடைய 'ரூமர்ஸ்' ஆல்பம் எனக்கு அறிமுகமானது கல்லூரி விடுதியில், அறைத்தோழியின் கேசட்டில். நாடா இழுத்துக்கொண்டு பாடும் அளவுக்குத் தேய்த்திருக்கிறோம். எங்களுக்கு அது வெறும் காதல் பாட்டுகள். யார் யாரைக் குத்திக்காட்டுகிறார்கள் என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதனால் ஆலோசகராகப் பாதி, ரசிகையாகப் பாதி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆல்பத்தில் நடந்தது என்ன?

ஃப்ளீட்வுட் மேக் 1967-இல் லண்டனில் ப்ளூஸ் பேண்டாகத் தொடங்கியது. டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட், பேஸ் வாசிக்கும் ஜான் மெக்வீ இருவர் பெயரையும் ஒட்டி வைத்த பெயர். ஜானின் மனைவி கிறிஸ்டீன் பிறகு வந்து சேர்ந்தார். கலிஃபோர்னியாவில் ஜோடியாகப் பாடிக்கொண்டிருந்த கிட்டாரிஸ்ட் லிண்ட்ஸி பக்கிங்ஹாமும் பாடகி ஸ்டீவி நிக்ஸும் 1974 கடைசியில் சேர்ந்தார்கள். 1976-இல் 'ரூமர்ஸ்' வேலைக்காகச் சாசலிட்டோ என்ற துறைமுக ஊரில், ஜன்னலே இல்லாத ஒரு மர ஸ்டூடியோவில் கூடியபோது ஒரு வீடும் உருப்படியாக இல்லை. ஜான், கிறிஸ்டீன் இருவரின் எட்டு வருடக் கல்யாணம் முறிந்திருந்தது. லிண்ட்ஸியும் ஸ்டீவியும் பிரிந்துகொண்டிருந்தார்கள். மிக்கின் குடும்பமும் ஆட்டம் கண்டிருந்தது. ஆண்கள் ஸ்டூடியோவுக்குச் சொந்தமான வீட்டில் தங்க, பெண்கள் இருவரும் வேறு அபார்ட்மெண்டில் தங்கினார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், வெளியூர்க் கச்சேரிக்குப் போகும்போது உதவும்.

வலியிலிருந்து கலை வரும் என்கிறீர்கள். வலி அங்கே கொட்டிக் கிடந்தது, உண்மைதான். அதைப் பாட்டாக்கியது வேலை. மாதக்கணக்கில் அதே டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டி ஒலி மேல் ஒலி சேர்த்ததில் டேப்பே தேய்ந்து, மேல் ஸ்தாயி மங்கிப்போனது. பாதுகாப்புக்கு எடுத்து வைத்திருந்த இன்னொரு பிரதியோடு அதைப் பொருத்தித்தான் காப்பாற்றினார்கள். காதலில் தோற்றவர்கள் உலகத்தில் கோடிப் பேர். ஒரு ஸ்னேர் டிரம் சத்தத்துக்காக ஒரு நாள் முழுக்க உட்காருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

'ட்ரீம்ஸ்' எப்படி வந்தது என்று பாருங்கள். ஸ்டூடியோவில் யாரும் இல்லாத ஓர் அறையில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் ஸ்டீவி அதை எழுதினார். போகிறாயா, போ, உனக்கும் தனிமை வரும், மழை வரும் என்று லிண்ட்ஸியிடம் சொல்லும் பாட்டு. கிறிஸ்டீனுக்கு முதலில் அது சப்பென்று பட்டது. கார்டுகள், அதாவது சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள், பாட்டு முழுக்க அதேதான். அதே கார்டுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு உடுப்பு போட்டுவிட்டவர் யார் தெரியுமா? லிண்ட்ஸிதான். தன்னைக் கண்டித்து எழுதிய பாட்டுக்குத் தானே அலங்காரம் செய்தார். அமெரிக்காவில் அந்த பேண்டுக்கு முதலிடம் வாங்கித் தந்த ஒரே பாட்டு அது.

உங்கள் கிட்டாரிஸ்ட் இதைச் செய்வாரா? நீங்கள் ஒரு பாட்டோடு போய் நின்றால், அவருக்குச் சுருக்கென்று குத்தும் பாட்டாக இருந்தாலும், கிட்டாரை எடுத்து அதற்கு நல்ல ரிஃப் போட்டுத் தருவாரா? உங்கள் கடிதத்தில் இதற்கு விடை இல்லை. ஏனென்றால் ஆறு பக்கத்திலும் நீங்கள் எழுதிய பாட்டு என்று ஒன்றுகூட இல்லை.

நான் சொல்ல வந்ததே இதுதான். 'ரூமர்ஸ்' ஒரு தரப்பு வாக்குமூலம் கிடையாது. லிண்ட்ஸி 'கோ யுவர் ஓன் வே' எழுதினார், ஸ்டீவி 'ட்ரீம்ஸ்' எழுதினார், இரண்டும் ஒரே ஆல்பத்தில், ஒரே பக்கத்தில். கிறிஸ்டீன், நாளையைப் பற்றி யோசி என்று ஜானுக்கு 'டோன்ட் ஸ்டாப்' எழுதினார். தனியாகப் பாட்டு எழுதாதவர்கள் ஜானும் மிக்கும்தான். 'தி செயின்' பாட்டில் எல்லாம் அடங்கியபின் தனியாக எழும் அந்தப் பேஸ்தான் ஜானுடைய பதில் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆதாரம் எதுவும் கிடையாது, ரசிகை நினைப்பு.

பதிலுக்கு இடமில்லாமல் போனபோது என்ன ஆனது? அதற்கும் அதே ஆல்பத்தில் கதை இருக்கிறது. ஸ்டீவி 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' என்று இன்னொரு பாட்டு எழுதியிருந்தார். உன்னைக் காதலித்தவளின் குரலிலிருந்து நீ தப்பவே முடியாது என்று முடியும் பாட்டு. அதன் பதிப்புரிமையை அம்மாவுக்குப் பரிசாகவே கொடுத்திருந்தார். நீளம் அதிகம், எல்பி தட்டில் இடம் இல்லை என்று அதை எடுத்துவிட்டார்கள். சொன்ன விதம்தான் மோசம். மிக் அவரை ஸ்டூடியோவின் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். ஸ்டீவி அங்கேயே கத்தித் தீர்த்தார். 'கோ யுவர் ஓன் வே' இசைத்தட்டின் பின்பக்கத்தில் அந்தப் பாட்டு ஒதுங்கியது. 1991-இல் தன் தொகுப்பு ஆல்பத்தில் அதைச் சேர்க்க ஸ்டீவி கேட்க, மிக் மறுக்க, ஸ்டீவி பேண்டை விட்டே விலகினார். ஒரு பாட்டுக்கு இடம் கொடுக்காததன் கணக்கு பதினைந்து வருடம் கழித்து வந்தது.

அதனால் "இருப்பதா, விலகுவதா" என்ற கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் கேட்க வேண்டியது, இந்த ஆல்பத்தில் என் பாட்டுக்கு இடம் உண்டா என்பதுதான்.

பாட்டை வைத்து மனதை அளக்க முடியாது

'யூ மேக் லவ்விங் ஃபன்' பாட்டைக் கிறிஸ்டீன் எழுதியது, அவர் புதிதாக நேசித்த ஒருவரைப் பற்றி. அந்த ஆள் அவர்களுடைய மேடை விளக்குகளைப் பார்த்துக்கொண்டவர். ஜான் கேட்டபோது, "என் நாயைப் பற்றி எழுதினேன்" என்று சொல்லிச் சமாளித்தார். ஜானும் அதற்கு அருமையாகப் பேஸ் வாசித்தார். காதல் பாட்டின் அர்த்தம் எவ்வளவு வழுக்கக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எழுதியவருக்கு ஒருவர், வாசித்தவருக்கு ஒரு நாய், கேட்கிற நமக்கு நம் ஆள்.

ஏணி வரியும் அப்படித்தான். அதை எழுதிய ராத்திரி அவருக்குக் கோபம் இருந்திருக்கும், தன்மானம் அடிபட்ட வலி இருந்திருக்கும், நல்ல எதுகை கிடைத்த சந்தோஷமும் இருந்திருக்கும். பாட்டு எழுதுகிறவர்களுக்கு இந்தக் கடைசிச் சந்தோஷம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். இதில் காதல் மிச்சம் இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்காதீர்கள். காதல் இருக்கிறவர் அதை நேரில் சொல்லலாம், வாய் இருக்கிறது. அதேபோல, அந்த வரி உங்கள்மேல் எழுதப்பட்ட தீர்ப்பும் ஆகாது.

1997 வீடியோவுக்கு வருவோம். பிரிந்து இருபது வருடம் ஆகியிருந்தது. பர்பேங்க் ஸ்டூடியோவில் அழைத்து உட்காரவைத்த கூட்டத்துக்கு முன், கேமராக்கள் சுழல எடுத்த கச்சேரி அது. ஸ்டீவி முகத்தைத் திருப்பி லிண்ட்ஸியை நேராகப் பார்த்து 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' பாடியது தற்செயல் இல்லை. பின்னால் வருகிறவர்களும் பார்க்கட்டும் என்றே அப்படிப் பாடியதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்தக் கண்ணில் நீங்கள் காதலைப் பார்த்தீர்கள். நான் பார்த்தது, இருபது வருடம் காத்திருந்து தன் பாட்டை மேடையேற்றிய ஒரு பெண்ணை. நம் இருவரில் யார் சரி என்று அவரால் மட்டும்தான் சொல்ல முடியும். ஆனால் அதை ஆதாரமாக வைத்து உங்கள் வாழ்க்கையில் ஒரு முடிவு எடுக்க வேண்டாம்.

நள்ளிரவு ஃபோனைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டைப் பற்றித்தான் பேசினார் என்று நீங்களே அதற்குச் சமாதானம் சொல்லியிருக்கிறீர்கள். பாட்டைப் பற்றிப் பேச பேண்டின் வாட்ஸ்அப் குழு இருக்கிறது, பகல் நேரம் இருக்கிறது. "இரவு ஒன்பதுக்கு மேல் அழைக்காதே, வேலை விஷயம் குழுவிலேயே பேசலாம்" என்று எழுத்தில் ஒருமுறை அனுப்பிவிடுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். தெளிவாக வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒருவர் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி அது பின்தொடரும் குற்றம். பெண்கள் உதவி எண் 181. இப்போதைக்கு அது தேவைப்படும் என்று தோன்றவில்லை, தெரிந்துவைத்திருங்கள்.

அந்த ஒரு வரி

"வரியை மாற்றச் சொன்னால் கலை தெரியாதவள் என்பார்களோ" என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டீவி நிக்ஸும் மாற்றச் சொன்னவர்தான். 'கோ யுவர் ஓன் வே' பாட்டில், அவர் எவருடனாவது போய்ச் சேர்ந்துகொள்ளவே துடிக்கிறார் என்ற பொருளில் ஒரு வரி உண்டு. அது பொய், எடுத்துவிடு என்று கேட்டார். லிண்ட்ஸி எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், எத்தனையோ ஊரில், அந்த வரி பக்கத்தில் ஒலிக்க ஒலிக்க ஸ்டீவி ஹார்மனி பாடினார். அந்த வரி வரும்போதெல்லாம் அவருக்கு எப்படி இருந்தது என்பதையும் ஒளிக்காமல் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இங்கே நீங்கள் கவனிக்காத ஒன்று உண்டு. லிண்ட்ஸி தன் குற்றச்சாட்டைத் தன் வாயால் பாடினார். உங்கள் விஷயத்தில் அவர் எழுதுகிறார், நீங்கள் உங்களையே திட்டிப் பாட வேண்டும். இரண்டும் ஒன்றில்லை. முதலாவது சங்கடம், இரண்டாவது அவமானம். மேடையில் நிற்கிற உங்களைக் கேட்கிறவர்கள், நீங்களே ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

எனவே உங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. வரியை மாற்றுவது ஒன்று. வரி அப்படியே இருக்கட்டும், ஆனால் அவரே பாடட்டும், நீங்கள் அந்தப் பாட்டுக்கு மேடையை விட்டு இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்பது இன்னொன்று. என் கட்சி இரண்டாவதுதான். அவருடைய கோபத்தை அழகாக்கும் பொறுப்பு உங்களுக்கு இல்லை, அதை அழிக்கவும் வேண்டியதில்லை. மூன்றாவது, பல்லைக் கடித்துக்கொண்டு நீங்களே பாடுவது. பேஸ் அண்ணன் சொல்வது அதைத்தான். நல்ல மனிதராகத் தெரிகிறார். ஆனால் "பர்சனலா எடுத்துக்காதே" என்பது, பர்சனலாக எழுதியவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தை.

எழுத்தில் இருக்கட்டும்

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: "மூன்று பாட்டுக்கு மெட்டு நான்தான் முணுமுணுத்தேன், கார்டு அவர் போட்டார், பெயர் பேண்ட் பெயரில் இருக்கிறது." இதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வரி தனிப் படைப்பு, மெட்டு தனிப் படைப்பு, பதிவான ஒலி இன்னொன்று. மெட்டை உருவாக்கியவருக்கு அதில் உரிமை உண்டு. யார் உருவாக்கினார் என்று நிரூபிப்பதில்தான் கஷ்டம். ஃபோனில் முணுமுணுத்துப் பதிவு செய்த பழைய குரல் குறிப்புகள் இருந்தால் இன்றே தேதியோடு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பாடகிக்கும் தன் பாட்டின்மேல் கலைஞர் என்ற வகையில் தனி உரிமையும், வணிகப் பயன்பாட்டில் ராயல்டியும் உண்டு. உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். வாய்வார்த்தை செல்லாது.

'தி செயின்' பல துண்டுகளை ஒட்டித் தைத்த பாட்டு. யாருடைய துண்டு எது என்று சண்டை போடாமல் ஐந்து பேர் பெயரையும் போட்டார்கள். அந்த ஆல்பத்தில் ஐவர் பெயரும் இருப்பது அந்த ஒன்றில்தான். ரெக்கார்டிங்குக்கு முன்பே ஒரு தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு மணி நேர வேலை. அதற்கு அவர் மறுத்தால், ஏணி வரியைவிட அது முக்கியமான தகவல். அப்புறம், விலகினால் வழக்குப் போட்டு இழுத்துவந்து பாட வைப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். ஒப்பந்தம் இருந்தால் நஷ்டஈடு கேட்கலாம். ஒருவரைக் கட்டாயப்படுத்திப் பாட வைக்க நீதிமன்றம் உத்தரவிடுவதில்லை.

அம்மா சொல்வதையும் தள்ளிவிட முடியாது. 'ரூமர்ஸ்' 4 கோடிப் பிரதிக்கு மேல் விற்றது, அமெரிக்கப் பட்டியலில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த வெற்றியோடு கோகெயினும் குடியும் சேர்ந்தே வந்தன. 1987-இல் சுற்றுப்பயணம் தொடங்க இருந்த நேரத்தில் லிண்ட்ஸி விலகினார். திரும்பி வந்தார். 2018-இல் பேண்டே அவரை வெளியே அனுப்பியது, வழக்கு வரை போய்ச் சமாதானமானது. 2022-இல் கிறிஸ்டீன் இறந்த பிறகு, இனி பேண்ட் இல்லை என்ற பொருளில் ஸ்டீவி பேசினார். ஆல்பம் வந்த 1977-ஐ மட்டும் வெட்டி எடுத்து உங்கள் சுவரில் மாட்டினால் அது பொய்ப்படம். எத்தனையோ பேண்டுகள் இதே மாதிரிப் பிரிவில் முதல் ஆல்பம் வருவதற்குள் சிதறிப்போயிருக்கின்றன. அவர்களைப் பற்றி யாரும் ஆவணப்படம் எடுப்பதில்லை.

ஆனாலும் இன்றைக்கே விலகுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று மாதம் இருக்கிறது. ஒரு பாட்டு எழுதுங்கள். அவரைத் திட்டித்தான் எழுத வேண்டும் என்று இல்லை, ஸ்கூட்டரைப் பற்றிக்கூட எழுதலாம். உண்மையைச் சொன்னால், உங்கள் ஆறு பக்கத்தில் எனக்குப் பாட்டாகப் பட்டது அந்த ஓர் இடம்தான். அதை எடுத்துக்கொண்டு அடுத்த ஜாமுக்குப் போங்கள். ஏணிப் பாட்டை அவர் பாடட்டும், இதை நான் பாடுகிறேன், இரண்டும் ஆல்பத்தில் இருக்கட்டும் என்று நால்வர் முன்னால் சொல்லுங்கள், தனியாக அவரிடம் சொல்ல வேண்டாம். கார் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போய் "இடம் இல்லம்மா" என்று யாராவது ஆரம்பித்தால், அன்றைக்கே அம்மா பேச்சைக் கேட்டு மைக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

சரி என்றார்களானால், டிராக் வரிசையில் உங்கள் பாட்டு எத்தனையாவதாக வருகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.